கேட் போட்ட நேரம்

எங்கள் கோலி மகிமைதாஸைக் கொடுத்து
காசிமேட்டு லெஃப்ட் விங் தேசப்பனை வாங்குவது.
மேற்கொண்டு அவர்கள் தரப்பில்
இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு வலை.
எண்பத்தேழில், பேசின் பிரிட்ஜ் டீக்கடையில் பேசி முடித்தது.
கையெழுத்தான தாள் என் சட்டைப்பையில்.
சைக்கிளும் என்னுடையதுதான்.

தண்டையார்பேட்டையில் லீக் செயலாளர்
ஐந்தரைக்கு மேல் எதையும் வாங்கமாட்டார்.
அன்றுதான் கடைசி நாள்.
ஐந்து மணிக்குக் கொருக்குப்பேட்டையில் கேட் போட்டான்.
எண்ணெய் டேங்கர் வண்டி
பாதி கடந்து அப்படியே நின்றுவிட்டது,
பந்தியில் சாப்பிட்டு எழ மறந்தவன் மாதிரி.
நாற்பது நிமிஷம்.

வியாசர்பாடியில் கேரம் போர்டைச் சுற்றி
இன்னும் நடக்கிறது இந்த வழக்கு.
"அந்தத் தாள் மட்டும் போய்ச் சேந்திருந்தா..."
என்று டில்லிபாபு ஆரம்பிப்பான்.
தேசப்பன் இடது காலுக்கு
எண்பத்தெட்டிலேயே கோப்பை.
கோப்பை வந்தால் மந்திரி வருவார்,
மந்திரி வந்தால் மைதானத்துக்குப் பட்டா.
பட்டா இருந்தால் அங்கே குடோன் எழும்பாது,
குடோன் இல்லாவிட்டால் லாரி வராது,
லாரி வராவிட்டால்
சாம்சனுக்கு இரண்டு காலும் இருக்கும்.

சாம்சன் இதைக் கேட்டுக்கொண்டே
ரெட்டைக் குறிபார்ப்பான்.
"எனுக்கு ஒரு காலு போதும்டா,
ஃபாலோ உழுதா பாரு."

லூர்துநாதன் எதிர்க்கட்சி.
மகிமை போயிருந்தால்
துறைமுக அணியோடு ஆடிய அன்று
அந்தப் பெனால்டியைப் பிடித்திருப்பது யார்?
அதைப் பார்த்துத்தானே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்?
வேலை இல்லாதவனுக்கு
புஷ்பலீலாவைக் கட்டிவைத்திருப்பார்களா?
பெரியவள் நர்ஸ்.
சின்னவள் கறுப்புக் கோட்டு மாட்டி ஹைகோர்ட்டுக்குப் போகிறாள்.
"ரெண்டு உசிரை அழிச்சிட்டுத்தான் உனுக்குக் கோப்பையா?"
இந்த இடத்தில் யாராவது டீ சொல்வார்கள்.

தேசப்பனைப் பற்றிக் காசிமேட்டில்
என்ன பேசுகிறார்களோ, எங்களுக்குத் தெரியாது.
தொண்ணூறு கார்த்திகையில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாலு பேர் போனார்கள்.
மூன்று பேர் திரும்பினார்கள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு லீக் ஆட்டம்.
எங்களவனாக இருந்திருந்தால்
அந்த நேரம் மைதானத்தில்
டப்பாவைத் தட்டித் தட்டி
சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பான்.
இதை மட்டும் யாரும் எடுப்பதில்லை.
ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நானும் சொன்னதில்லை.
வண்டி பாதி கடந்து நிற்கவில்லை.
கேட்டுக்கு வரவே இல்லை.
தூரத்தில் சிக்னலில் நின்று புகைவிட்டுக்கொண்டிருந்தது.
பால்காரர், டியூஷன் பிள்ளைகள்,
தலையில் மீன்கூடையோடு ஒரு அம்மா,
எல்லோரும் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.
சைக்கிளைச் சாய்த்து இழுத்தால் எனக்கும் வழி இருந்தது.
"ஒரு கை புடிக்கட்டா தம்பி?" என்றுகூட
ஒருவர் கேட்டார்.
நான் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

காலையில் மகிமையும் நானும்
ஒரே பொட்டலத்தில் இட்லி தின்றோம்.
"காசிமேட்டுக்குப் பஸ் எத்தினிடா?" என்றான்.
தெரியும். சொல்லவில்லை.

வலையை மட்டும் அவர்கள்
அட்வான்ஸாக அனுப்பியிருந்தார்கள்.
தேசப்பனே பின்னியது என்று பேச்சு.
மீன்வலை நூல், மீன்வலை முடிச்சு.
திருப்பிக் கேட்டு ஒருவரும் வரவில்லை.
நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
குடோன் சுவரோரம் மிஞ்சிய துண்டு நிலத்தில்,
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு,
பிள்ளைகள் அதைத்தான் கட்டுகிறார்கள்.
இடது மூலையில் ஓர் ஓட்டை.
பந்து அந்தப் பக்கம் கிடந்தால்
உள்ளே புகுந்து போனதா, வெளியே போனதா என்று
தினமும் அடிதடி.
பெரிய மனுஷன் ஆயிற்றே,
என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

"நான் பாக்கலப்பா" என்பேன்.